மூன்று நாள் அறை

மார்ச் 28, சனி

ஊரடங்கு வந்ததும், இந்த வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது, எனக்கு மட்டும் விடுமுறை என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் என் கணவர். சாப்பாட்டு மேஜையில் மில் கணக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஆபீஸ் வீட்டுக்கே வந்துட்டு. பிரதீப்புக்கு நாள் முழுக்க மீட்டிங். தர்ஷினிக்கு ஆன்லைன் கிளாஸ். ஒனக்குத்தான் லைப்ரரியப் பூட்டிட்டான். நீ ஒருத்திதான் ஃப்ரீ. கொடுத்து வச்சவ."

பாளையங்கோட்டையிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் எங்கள் பொறியியல் கல்லூரி. அங்கே நான் நூலகர். சத்தம் போடுகிறவர்களை ஒரு பார்வையில் அடக்குவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இங்கே காலை எழுந்ததிலிருந்து நாலு பக்கமிருந்தும் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னலோரம் கிடைத்த அந்த முக்கால் மணி நேரம்தான் என்னுடைய சொத்து என்று இப்போது தெரிகிறது.

கொடுத்து வைத்தவள் சாயந்தரம் ஐந்தாவது முறை டீ போட்டுவிட்டு இதை எழுதுகிறாள்.

மார்ச் 30, திங்கள்

பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவு. காய்கறியை மஞ்சளும் உப்பும் போட்டு ஊற வை. கதவுக் கைப்பிடிகளைத் துடை. கபசுரக் குடிநீர் காய்ச்சு. இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கிறவர்கள் வாட்ஸப்பில் இருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டுகிறவர் ஹாலில் இருக்கிறார்.

என் மகன் பிரதீப் பெங்களூரிலிருந்து வந்து முன்னறையைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, காதில் ஒயரோடு, கையை மட்டும் வெளியே நீட்டுவான். அந்தக் கையில் தட்டை வைக்க வேண்டும். இருபத்து நாலு வயதுக் கை.

ஏப்ரல் 1, புதன்

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் பின்னறையில இருந்து படிக்கப் போறேன். யாரும் கூப்பிடாதீங்க" என்றேன்.

"தாராளமாப் படி. யாரு வேண்டாங்கா?" என்றார்.

பின்னறை வீட்டின் கடைசியில், குளியலறையை ஒட்டி இருக்கிறது. அரிசி மூட்டை, ஓடாத தையல் மெஷின், ஒரு பாய். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எனக்கு அது போதும்.

உட்கார்ந்ததும் பிரதீப் வந்தான், சார்ஜர் எங்கே என்று. அப்புறம் மகள் தர்ஷினி, தண்ணீர் மோட்டார் போடவா என்று. அப்புறம் அவர். வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, "படிக்கியா? சரி சரி, படி. சும்மாதான் வந்தேன். சாயந்தரம் என்ன டிபன்?"

முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எழுந்து போய் மாவு கரைத்தேன்.

ஏப்ரல் 4, சனி

இன்று விலக்கு. காலையிலேயே பின்னறைக்கு வந்துவிட்டேன்.

கல்லூரியில் யாருக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் இன்னமும் இதைப் பார்க்கிறோம் என்று. சொன்னால் சிரிப்பார்கள். என் மாமியார் இருந்தவரை இந்தப் பேச்சே இங்கே கிடையாது. "பஸ்ல எவன் எவனையோ இடிச்சிக்கிட்டு வாரோம். இதுல மட்டும் என்ன தீட்டு வாழுது?" என்று அவர் அந்தக் காலத்திலேயே முடித்துவிட்டார். எம்.காம். படித்த அவருடைய மகன்தான் இரண்டு வருடம் முன்பு சிவதீட்சை வாங்கிக்கொண்டு வந்து அதைத் திரும்ப ஆரம்பித்தார். பூஜை செய்கிறவர் வீட்டில் அந்த மூன்று நாள் நான் அடுக்களைக்கு வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது, பின்னறையில் தனித் தட்டு, தனிப் பாய். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வரலாம். அப்போது நான் போட்ட சண்டையில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் நான்தான் தோற்றேன். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் ஜெயிப்பது கஷ்டம்.

"ஒதுக்கி வைக்கதுன்னு ஏன் நெனைக்கே? அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு ஓய்வு கெடைக்கணும்னுதான் பெரியவங்க இப்படி வச்சிருக்காங்க" என்பார். சத்சங்கக் குழுவில்கூட இதைக் குரலில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.

ஊரடங்குக்கு முன்னால் அந்த நாட்களில் அவர் மெஸ்ஸில் சாப்பிட்டுவிடுவார், நான் பஸ் ஏறிவிடுவேன். ராத்திரி மட்டும்தான் இந்த அறை. இப்போது முழுநாளும் இங்கேதான். தர்ஷினி சமைக்கிறாள். அவர் இந்த வாசலுக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிடுகிறார். "செண்பகம், பெருங்காயம் எங்க இருக்கு?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். போய்விட்டார். தீட்டுப்பட்டவளைத் தொட்டு எழுப்ப முடியாதே.

பாதிப் புத்தகம் முடிந்தது. இப்படி நான் படித்து எத்தனை நாளாயிற்று. வெயில்தான் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் பாவாடை வரை நனைந்துவிட்டது.

ஏப்ரல் 7, செவ்வாய்

தலைக்குக் குளித்து அடுக்களைக்குத் திரும்பினேன். தொட்டி நிறையப் பாத்திரம். தர்ஷினியின் ஆள்காட்டி விரலில் தீப்புண்ணுக்கு மருந்து தடவியிருந்தது. "என்னட்டி இது?" என்றேன். "தாளிக்கும்போது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. ஊரெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் வடை பாயசம் நிற்கவில்லை. "வெளிய போக முடியாத வருஷம், வீட்லயாவது மங்களமா இருக்கட்டும்" என்றார். மங்களம் அடுப்படியில் நின்றுகொண்டே வருகிறது.

பூஜை முடிந்து எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்தபோது கழுத்திலிருந்து வேர்வை கொட்டியது. கண் இருட்டியது. "ஃபேனைப் போடுங்களேன், மனுஷி வெந்து சாகுதேன்" என்று கத்திவிட்டேன்.

தர்ஷினி மேலே பார்த்தாள். "ஓடிட்டுதாம்மா இருக்கு."

பிரதீப் என்னைப் பார்த்துவிட்டு, பாயசத்தில் முந்திரி குறைவு என்றான்.

ஏப்ரல் 22, புதன்

இன்று விலக்கு. கொஞ்சம் முன்னதாக. அப்படியும் வரும்தானே.

ஏப்ரல் 24, வெள்ளி

இந்த அறையில் எனக்குப் பிடித்த நேரம் காலை பத்து மணி. ஹாலில் அவர் மில் ஆட்களிடம் போனில் பேசிக்கொண்டிருப்பார். பிரதீப் ஆங்கிலத்தில் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருப்பான். என்னிடம் யாருக்கும் எந்தக் கேள்வியும் இருக்காது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு ஓணான் வெயில் காயும். நானும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்கு நான் ஒன்றும் செய்து தர வேண்டாம்.

தர்ஷினி தட்டை வைத்துவிட்டுப் போகும்போது முன்பெல்லாம் "சரியா இருக்காம்மா?" என்று கேட்பாள். இன்று கேட்கவில்லை.

மே 3, ஞாயிறு

ஊரடங்கை மறுபடியும் நீட்டித்திருக்கிறார்கள். அவர் செய்தியைக் கேட்டுவிட்டு, "நல்லதுதான், குடும்பமா சேந்து இருக்கோம்" என்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

மே 6, புதன்

இன்று விலக்கு.

"அதுக்குள்ளயா?" என்றார். முன்பு அவர் ஆபீசுக்குப் போய்விடுவார், கணக்கு வைக்க நேரம் இருக்காது. இப்போது வீட்டிலேயே இருக்கிறார், அதுவும் கணக்குப் பார்க்கிற மனுஷர்.

"நாப்பத்தாறு வயசுக்கு அப்படித்தான் முன்னப்பின்ன வரும்" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் குரல் நடுங்கவில்லை.

மே 7, வியாழன்

மத்தியானம் தர்ஷினி தட்டை வாசலில் வைக்கவில்லை. உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் பாயிலேயே உட்கார்ந்தாள். அப்பா பார்த்தால் உன்னையும் குளிக்கச் சொல்லுவார் என்றேன். அதைக் காதில் வாங்கவில்லை.

"பாத்ரூம் அலமாரியில இருக்க பேட் பாக்கெட் மார்ச்சுல வாங்குனது. நான் எடுத்தது மட்டுந்தான் கொறைஞ்சிருக்கு."

"அதுக்கு?"

"நீ என்ன வைக்கேன்னு கேக்கேன்."

நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா, ஒனக்கு மூணு நாள் லீவு. நல்லது. எனக்கு அந்த மூணு நாள யாரு குடுக்கா? நாளைக்கு செமினார். ரெக்கார்ட் எழுதணும். அண்ணன் தின்ன தட்டக்கூட எடுக்க மாட்டான். அப்பா சாம்பார்ல புளி தூக்கலா இருக்குங்கார். நீ இங்கன காலை நீட்டிக் கதை படிக்கே."

"அண்ணன்கிட்ட ஒதவி கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? நீ சொல்லிருக்கியா அவன்கிட்ட? ஒரு நாளாவது?"

எழுந்து போய்விட்டாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பத்தொன்பது வயதில் எனக்குப் பாடம் எடுக்கிறாள். இருபத்தைந்து வருடம் நான் இந்த வீட்டில் மாவாட்டியதை இவள் கண்டாளா? அந்த விரல் புண் ஆறித் தழும்பாகிவிட்டது. அதைக் காட்டத்தான் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள் போலிருக்கிறது.

சரி. பொங்கலுக்குப் பிறகு எனக்கு வரவில்லை. எழுதிவிட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எனக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது.

மே 8, வெள்ளி

பின்னறையில் இருந்தபடியே பிரதீப்பைக் கூப்பிட்டேன். வாசலில் வந்து நின்றான். "நேத்து ராத்திரிப் பாத்திரத்த நீ கழுவிடு, தர்ஷினிக்கு செமினார் இருக்கு" என்றேன். நான் வேறு மொழியில் பேசிவிட்ட மாதிரி பார்த்தான்.

"எனக்குக் கால் இருக்கும்மா."

"எப்ப முடியும்?"

"அது தெரியாது. கிளையன்ட் கால்."

ஹாலிலிருந்து அவர் குரல்: "வேலைக்குப் போற பையன்கிட்டப் போயி பாத்திரம் தேய்க்கச் சொல்லுதியே, செண்பகம். ரெண்டு பாத்திரந்தான? பாப்பா பாத்துக்கிடுவா."

பாப்பா பார்த்துக்கொண்டாள். செமினாருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். நடந்ததும் விழுந்திருக்கும்.

மே 21, வியாழன்

இன்று விலக்கு என்று சொல்லிவிட்டு வந்து பாயை விரித்தேன். பத்து நிமிடத்தில் தர்ஷினி அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கையில் ரெக்கார்ட் நோட்டு, போன், ஒரு பாக்கெட் மிக்சர்.

"எனக்கும் தூரம்."

"நெசமாவாட்டி?"

"ஒனக்கு நெசமா?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது இன்றுதான்.

நாலடி தள்ளி அவர் வந்து நின்றார். "ரெண்டு பேருமா?"

"என்ன செய்யப்பா, வந்துட்டு" என்றாள் தர்ஷினி, மிக்சரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

பிறகு அடுக்களையில் சத்தங்கள். ஒரு மூடி விழுந்தது. "ரவைய வறுக்கணுமா வறுக்க வேண்டாமா?" என்றார் அவர். "வீடியோல வறுக்கான்" என்றான் பிரதீப். "அப்ப வறு." "நான் எப்படிப்பா, எனக்குப் பத்து மணிக்கு கால்." "எனக்கும்தாம்ல ஆடிட்டர் கூப்பிடுவாரு." கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வீடு முழுக்க வந்தது. நானும் தர்ஷினியும் அந்த வாடையைப் பூ வாசனை மாதிரி இழுத்து இழுத்து மோந்தோம்.

எங்களுக்கும் இரண்டு தட்டில் அந்த உப்புமா வந்தது. அடியில் கருப்பு, நடுவில் பச்சை ரவை. முழுவதையும் சாப்பிட்டேன்.

மே 22, வெள்ளி

நேற்று எழுதியதைப் படிக்கவே எரிச்சலாக இருக்கிறது.

இன்று மத்தியானம் கேட்டில் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பார்வதி அக்கா, முகக்கவசத்தோடு, கையில் தூக்குச் சட்டியும் அடுக்கு கேரியரும். என் கணவர்தான் போன் பண்ணியிருக்கிறார்.

"ஒரே சமயத்துல ரெண்டு பேருமாமே, அண்ணாச்சி பட்டினி கெடக்கலாமா? எங்க வீட்டுக்கு ஆக்குததுல ரெண்டு கை அரிசி கூடப் போட்டா ஆச்சு" என்று அக்கா சொல்வது ஜன்னல் வரை கேட்டது. அக்கா வீட்டில் ஆறு பேர். அவர்களுடைய மகள் பிரசவத்துக்கு வந்து இங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறாள். கைக்குழந்தை வேறு.

புளிக்குழம்பு, அவியல், மோர்மிளகாய். ருசி எப்படி இருந்தது என்று எழுத வாய் கூசுகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கிவிட்டால் அந்த வேலை அங்கே இருக்கிற ஆண்கள் கையில் விழும் என்று நினைத்தோம். அது விழவில்லை. தெருவைத் தாண்டிப் போய் இன்னொரு பொம்பளையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

தர்ஷினி பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு, "நான் வேணா நின்னுட்டுன்னு சொல்லித் தலைக்கு ஊத்திட்டுப் போயிருதேம்மா. பாவம் அக்கா" என்றாள்.

"போகாத" என்றேன். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தும் சொன்னேன்.

போய்விட்டாள்.

மே 31, ஞாயிறு

"இது சரியில்ல, பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வாரது. அக்கறையில சொல்லுதேன். டாக்டர்கிட்டப் பேசிருவோம்" என்றார். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் இப்போது தொற்று என்றேன். போனிலேயே பார்க்கிறார்களாம். சத்சங்கத்தில் ஒருவருடைய தங்கை மகப்பேறு மருத்துவராம். புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

அக்கறை என்பதால் மறுக்கவும் முடியவில்லை. இந்த மனுஷர் ஒரு தடவையாவது கொடுமைக்காரராக இருந்து தொலைத்தால் எனக்கு எவ்வளவு சுலபம்.

ஜூன் 3, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். என்னை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். தர்ஷினி அடுக்களை வாசலில் நின்றாள்.

"டாக்டரம்மா, எங்க வீட்ல ரெண்டு மாசமா அடிக்கடி…"

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."

"அவங்களப் பேசச் சொல்லுங்க."

"அவளுக்குக் கூச்சம், நானே வெவரமாச் சொல்லிருதேன்." தேதி தேதியாகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மருத்துவர் என் வயதைக் கேட்டுக்கொண்டார். பிறகு குரல் மாறிவிட்டது. "இந்த வயசுல இப்படி வந்தா சும்மா விடக்கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் எடுக்கணும். கர்ப்பப்பையில இருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். மயக்கம் குடுத்துச் செய்யிறதா இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனா தள்ளிப்போட வேண்டாம்."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. மேஜைக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பயந்துவிட்டார். நிஜமாகவே பயந்துவிட்டார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"டாக்டர், எனக்கு ரத்தப்போக்கு எதுவும் இல்ல. ஜனவரிக்கு அப்புறம் வரவே இல்ல."

"அப்போ அவர் சொன்ன தேதி எல்லாம்?"

"அது நான் சொன்ன பொய்."

"எதுக்கும்மா?"

"அந்த நாள்ல மட்டுந்தான் எனக்குத் தனியா ஒரு ரூம் உண்டு."

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "திடீர் திடீர்னு உடம்பு சுடுதா? வேர்த்து ஊத்துதா?" என்று கேட்டார் மருத்துவர். ஆமாம் என்றேன். "தூக்கம்?" இல்லை என்றேன். "கோபம் வருதா?" என்றார். நான் அடுக்களை வாசலைப் பார்த்தேன். "நிக்கிற சமயம்மா. ஒரு வருஷம் வராம இருந்தா நின்னுட்டுன்னு வச்சுக்கலாம். நடுவுல வந்தா உடனே சொல்லுங்க, நெசமா வந்தா. மாத்திரை எழுதி அனுப்புறேன். நல்லா ஓய்வெடுங்க." வைத்துவிட்டார்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதில்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் என் கையை விடவே இல்லை. மெல்லச் சிரித்தார்.

"இதுக்குப் போயா பொய் சொல்லணும்? சரி, விடு. நான் ஒண்ணும் நெனைக்கல. நல்ல செய்திதான இது. சிவன் புண்ணியத்துல இனி மாசம் முழுக்க வீடு சுத்தம். பூஜைக்குத் தடையே இல்ல பாரு." கொஞ்சம் யோசித்தார். "நாளையிலேருந்து நைவேத்தியத்த நீயே பண்ணிரலாம். நாலரைக்கு எந்திரிச்சாப் போதும்."

மன்னித்துவிட்டார். என்னை மன்னித்து, முப்பது நாளும் அடுப்படிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஜூன் 4, வியாழன்

நாலரைக்கு எழுந்தேன். வெண்பொங்கல்.

பத்து மணிக்குப் பின்னறையில் ஏதோ இழுக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் பிரதீப்பும் அவருமாகத் தையல் மெஷினை நகர்த்தி மேஜையைப் போடுகிறார்கள்.

"இனி இந்த ரூம் சும்மாத்தான கெடக்கப்போவுது. முன்னறையில தெருச் சத்தம். அவன் ஆபீசுக்கு வச்சுக்கிடட்டும்" என்றார்.

என் பாய் சுருட்டப்பட்டு அரிசி மூட்டை மேல் கிடந்தது. இத்தனை நாளாக நாலடி தள்ளி நின்ற மனுஷர் அறை நடுவில் நின்று கையைத் தட்டித் தூசி உதறிக்கொண்டிருந்தார். இதுவரை தீட்டுதான் கதவைக் காத்தது. அது இல்லை என்று தெரிந்ததும் எல்லாரும் செருப்போடு நுழைகிறார்கள்.

ஜூன் 5, வெள்ளி

கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பூஜை முடிந்து அவர் காபி குடிக்கும்போது கேட்டேன்.

"எனக்கு மாசத்துல மூணு நாள் அந்த அறை வேணும். முன்ன மாதிரி. சமைக்க மாட்டேன், யாரும் கூப்பிடக் கூடாது."

"அதான் நின்னுட்டே. இப்ப எதுக்கு?"

"ஓய்வுக்கு. ஓய்வுக்காகத்தான் வச்சாங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க."

"அது வேற, செண்பகம்."

"எப்படி வேற?"

காபியை ஆற்றினார். நிதானமாக யோசித்தார். அவர் எப்போதும் யோசித்துத்தான் பேசுவார். "அது சாஸ்திரம். இது ஒன் ஆசை. ரெண்டும் ஒண்ணாகுமா? ஓய்வு வேணும்னா மத்தியானம் கொஞ்சம் படு. யாரு வேண்டாங்கா?"

டம்ளரை என்னிடம் நீட்டினார், கழுவிப் போட.

வாங்கினேன். வாங்கிக் கழுவவும் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 6, சனி

காலையில் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "என்ன வாங்கணும், நான் போறேனே" என்றார். நான்தான் போக வேண்டும் என்றேன். ஏதோ பெண்கள் சமாசாரம் என்று நினைத்திருப்பார், தலையை ஆட்டினார்.

ஹார்டுவேர் கடையில் வட்டம் போட்டு நிற்க வைத்திருந்தார்கள். "உள்பக்கம் போடுற தாழ்ப்பாள் ஒண்ணு. நல்ல கனமா" என்றேன். கடைக்காரர் மூன்று எடுத்துக் காட்டினார். பெரியதை வாங்கினேன். ஸ்க்ரூ டிரைவரும் வாங்கினேன், வீட்டில் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்க விருப்பமில்லை.

பிரதீப் குளிக்கப் போயிருந்தான். தர்ஷினியும் நானுமாக அவன் மேஜையைத் தூக்கி முன்னறையில் போட்டோம். கம்ப்யூட்டரைப் பத்திரமாகத்தான் வைத்தேன். தர்ஷினி தாழ்ப்பாளைக் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் முடுக்கினேன். முதலாவது ஸ்க்ரூ கோணலாக ஏறியது. கழற்றித் திரும்பப் போட்டேன்.

சத்தம் கேட்டு அவர் வந்தார். "தாழ்ப்பாளா? இங்க எதுக்கு?"

"உள்ள இருக்கும்போது போட."

"யாரு உள்ள இருக்கப்போறா?"

"இன்னைக்கு நானும் இவளும். இவளுக்குத் திங்கக்கிழமை பரீட்சை. அப்புறம் முறை வச்சுக்கிடுவோம். தேதி நாங்க சொல்லுதோம், நீங்க எழுதி வச்சுக்கிடுங்க."

பிரதீப் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அப்பாவுக்குப் பின்னால் நின்றான். "அம்மா, என் டேபிள் எங்க?"

"முன்னறையில. பிரதீப், தொட்டியில காலைப் பாத்திரம் கெடக்கு. கழுவிட்டு அரிசியக் களைஞ்சு வை. குழம்புக்கு அப்பா பருப்பு போடுவாங்க. பார்வதி அக்காகிட்ட நான் பேசிட்டேன். போன் வந்தா எடுக்க மாட்டா."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். "செண்பகம், இது நல்லதுக்கில்ல" என்றார், அதே மெதுவான குரலில்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். புதுசு, கொஞ்சம் இறுக்கம். இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

தர்ஷினி சுவரில் சாய்ந்து நோட்டைத் திறந்துவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே இரண்டு பேரும் இன்னும் நிற்கிறார்கள். கதவுக்கடியில் நிழல் தெரிகிறது. ஒருவன் ஏதோ கேட்கிறான், மற்றவர் "பொறு" என்கிறார்.

அடுக்களைக் குழாய் திறக்கும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.